சட்டாம்பிள்ளையின் கையில் வெண்கட்டி

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிலே பழைய தோட்டப் பாடசாலைகளைக் கண்டவர்கள் அறிவார்கள்: இடைச்சுவரில்லாத ஒரே மண்டபம்; ஐந்து வகுப்புகள்; பெரும்பாலும் ஓர் உபாத்தியாயர். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டங்களின் மீது சுமத்தியது. பல இடங்களில் அது பெயரளவிலேயே நிறைவேறியது.

ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கையில் மற்ற நான்கும் என்ன செய்யும்? வாய்பாட்டை உரக்க ஒப்புவிக்கும். சத்தம் கேட்டால் படிப்பு நடக்கிறதென்று எல்லோருக்கும் திருப்தி!

இச்சங்கடத்துக்கு நம்மவரிடமே ஒரு வழி இருந்தது. சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென அமைந்த விடுதிக்கு 1789இல் பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், தம் விடுதியிலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். உதவி ஆசிரியரோ நடவாதென்று கைவிரித்தார். பெல் என்ன செய்தார் தெரியுமா? எட்டு வயதுச் சிறுவன் ஜோன் பிரிஸ்கனிடம் வகுப்பை ஒப்படைத்தார். பையன் கற்பித்தான்; மற்றவர்கள் கற்றார்கள். 1797இல் பெல் எழுதிய நூலின் வழியே 'மதராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் திண்ணைச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் பட்டம் பெற்ற கதை இது! ஆனால், அங்கே செலவைக் குறைப்பதற்காக நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரிடம் விட்டபோது அதுவும் வெறும் ஒப்புவிப்பாகிவிட்டது. ஆதலால், வெண்கட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. கற்பிக்கத்தக்க பொருளையும் கொடுக்க வேண்டும்.

தோட்டத்தில் அப்பொருளுக்குப் பஞ்சமில்லை. அம்மா காலையில் 6 கிலோ, மதியம் 7, மாலையில் 5 கிலோ கொழுந்து நிறுத்தாள். ஒவ்வொரு நிறுவையிலும் ஒரு கிலோ கழிவு. மிச்சம் 15 கிலோ. அது முழுப் பேருக்குக் காணுமா, அரைப் பேர்தானா? ஐந்தாம் வகுப்புப் பெண் இதை மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கழித்தல் கணக்கு ஒருவருக்கும் மறக்காது. இரைச்சல் கூடும், வாத்தியார் சும்மா இருக்கிறார் என்று பெற்றோர் முணுமுணுப்பர். அவையெல்லாம் சிறிய தொல்லைகள். தோட்ட நிருவாகத்திடமே சம்பளம் பெற்ற அக்கால உபாத்தியாயருக்கு இக்கணக்கே ஆபத்தானதன்றோ!

1970களில் அரசாங்கம் இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980களில் சுவீடனின் உதவியோடு நடந்த திட்டத்தில் தோட்டத்து இளைஞர்களே ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டனர். கற்பித்துக்கொண்டே பயிற்சியும் பெற்றனர். பின்னர் ஜேர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. லயத்தில் பிறந்து, அரைப் பேரின் வருத்தத்தை வீட்டிலேயே கண்டவர் ஆசிரியராகும்போது, மேற்சொன்ன கணக்கை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய வகுப்பின் பயன் சம்பள நாளன்று லயத்து வாசலில் தெரியும். தாய் கொண்டுவந்த சீட்டை மகள் வரிவரியாகப் படிக்கிறாள். விளங்காத ஒரு கழிவைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதை வாத்தியாரிடம் கேட்கிறாள்.