ஸ்னூக்கர் பிறந்தது நம்ம ஊட்டியிலா? 63 வருஷம் கழித்து வந்த கடிதம் சொல்லும் கதை!

தி.நகரிலோ அடையாறிலோ ஒரு பூல் பார்லருக்குள் நுழைந்து, "ஸ்னூக்கரை எங்கே கண்டுபிடிச்சாங்க தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேரில் ஒருவராவது "நம்ம ஊட்டியிலதான்" என்பார். இன்னொருவர் கூகுள் செய்து, "இல்லையே, ஜபல்பூர்னு போட்டிருக்கு" என்பார். மூன்றாமவர், "அந்த சேம்பர்லெய்ன்தானே... பின்னாடி இங்கிலாந்து பிரதமர் ஆனாரே" என்று இன்னும் கொஞ்சம் குழப்புவார்.

மூன்றாமவரை முதலில் திருத்திவிடுவோம். அவர் வேறு, இவர் வேறு. பிரதமர் பெயரும் நெவில் சேம்பர்லெய்ன்தான். ஆனால் ஸ்னூக்கர்காரர், 1856-ல் பிறந்த நெவில் ஃபிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லெய்ன் என்ற ராணுவ அதிகாரி.

இனி முதல் இரண்டு பேருக்கு வருவோம். யார் சொல்வது சரி?

மழைக்காலமும் ஒரு கேலிப் பேச்சும்

வருடம் 1875. ஜபல்பூரில் டெவன்ஷயர் படைப்பிரிவு முகாமிட்டிருந்தது. மழைக்காலத்தில் அதிகாரிகளுக்குப் பொழுதுபோக்கு மெஸ்ஸில் இருந்த பில்லியர்ட்ஸ் மேஜைதான். அதில் காசு வைத்து 'பூல்' ஆடுவார்கள். பூல் என்ற சொல்லே முதலில் ஆட்டக்காரர்கள் சேர்த்துப் போடும் பந்தயப் பணத்தைத்தான் குறித்தது.

அப்போது 15 சிவப்புப் பந்துகளும் ஒரு கறுப்புப் பந்தும் வைத்து ஆடும் 'பிளாக் பூல்' பிரபலம். 19 வயது சேம்பர்லெய்ன், இன்னும் சில வண்ணப் பந்துகளையும் சேர்த்துப் பார்க்கலாமே என்றார். ஆட்டம் சூடுபிடித்தது.

பெயர் வந்தது தனிக்கதை. இங்கிலாந்தின் வூல்விச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்பார்களாம். நம் காலேஜ் ராகிங் பாஷை மாதிரி! ஒருநாள் சக ஆட்டக்காரர் எளிதான பந்தைத் தவறவிட, சேம்பர்லெய்ன் அவரை 'ஸ்னூக்கர்' என்று சொல்லிவிட்டார். பிறகு அவரைச் சமாதானப்படுத்த, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான் என்றிருக்கிறார். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

ஊட்டி எங்கே வருகிறது?

1881-ல் மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக ஃபிரடெரிக் ராபர்ட்ஸ் வருகிறார். அவரிடம் பணியில் சேர்ந்த சேம்பர்லெய்னும் உடன் வருகிறார். வெயில் தொடங்கினால் மெட்ராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு மூட்டை கட்டும் காலம் அது. ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் சூடுபிடிக்க, 1882-ல் அதற்கு விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டினார்கள் என்பதுதான் கதை.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொன்னது யார்? சேம்பர்லெய்னே! எப்போது? 1938-ல், 'தி ஃபீல்டு' என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில். சம்பவம் நடந்து 63 வருடங்கள் ஆகிவிட்டன. அவருக்கு வயது 82. ஸ்னூக்கர் வூல்விச்சில் பிறந்தது என்று பேச்சு கிளம்பியபோதுதான், "அது என் ஆட்டம்" என்று உரிமை கோரினார். அடுத்த வருடமே எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்ஸி அவருக்கு ஆதரவாக எழுதினார். அன்றிலிருந்து உலகம் அந்தக் கதையை ஏற்றுக்கொண்டது.

நேரில் பார்த்தால்தான் நம்புவீர்களா?

கியூ விளையாட்டுகளில் இந்த மாதிரி சண்டை புதிதல்ல. 1907-ல் டாம் ரீஸ் என்ற இங்கிலாந்து வீரர் பில்லியர்ட்ஸில் ஒரே பிரேக்கில் 4,99,135 புள்ளிகள் எடுத்தார். வாரக்கணக்கில் நீண்ட ஆட்டம். ஆனால் பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் முழு நேரமும் அங்கே இல்லை என்பதால் அது அதிகாரபூர்வ சாதனை ஆகவில்லை.

பூல் உலகின் பெரிய சர்ச்சை, வில்லி மொஸ்கோனியின் 526. 1954 மார்ச்சில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த கண்காட்சி ஆட்டத்தில், ஒன்றுகூடத் தவறாமல் வரிசையாக 526 பந்துகளைப் பாக்கெட்டில் போட்டார். வீடியோ கிடையாது. ஆடியது 8 அடி மேஜை; பெரிய போட்டிகளில் பயன்படுவதோ 9 அடி மேஜை. அதனால் இன்றுவரை விவாதம் ஓயவில்லை. ஆனால் அவரிடம் ஒரு பலமான ஆயுதம் இருந்தது. ஆட்டத்தைப் பார்த்த 30-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம்! 2019-ல் ஜான் ஷ்மிட் 626 பந்துகளும், 2022-ல் ஜேசன் ஷா 714 பந்துகளும் போட்டபோது கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

ரீஸுக்கு முழுநேர சாட்சி இல்லை. மொஸ்கோனிக்குக் கையெழுத்து இருந்தது. இந்தத் தராசில் வைத்தால் சேம்பர்லெய்ன் எங்கே நிற்பார்?

ஜபல்பூர் விஷயத்தில் அவர் நினைவுதான் முக்கிய சாட்சி. 19 வயதில் ஆடிய ஆட்டத்தை 82 வயதில் நினைவுகூர்கிறார். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பந்து எந்த நாளில் சேர்ந்தது என்ற அளவுக்கு நம்புவதும் கஷ்டம். ஏற்கெனவே இருந்த பிளாக் பூலில் வண்ணம் கூடிக்கூடித்தான் ஸ்னூக்கர் வந்தது. அப்படி வளர்ந்த ஆட்டத்துக்கு 'இந்த இடம், இந்த நிமிடம்' என்று பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது சிரமம்தான்.

ஊட்டிக் கதை கொஞ்சம் வலுவாக நிற்கிறது. ராபர்ட்ஸ் மெட்ராஸுக்கு வந்த வருடம் பொருந்துகிறது. அதைவிட முக்கியம், விதி எழுதுவதன் அர்த்தம். எழுதாத ஆட்டம் மெஸ்ஸுக்கு மெஸ் மாறும். நம் தெரு கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஒரு தெருவில் சுவரில் பட்டால் ஃபோர், அடுத்த தெருவில் அவுட்! விதி என்று ஒன்று சுவரில் ஏறிய பிறகுதான் ஓர் ஆட்டம் ஊர்விட்டு ஊர் அப்படியே போக முடியும். அப்படிப் போன ஸ்னூக்கருக்கு 1927-ல் உலக சாம்பியன்ஷிப்பே வந்துவிட்டது. முதல் சாம்பியன் ஜோ டேவிஸ்.

ஆக, அடுத்த முறை பார்லரில் இந்தப் பேச்சு வந்தால், இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க் போடலாம். சேம்பர்லெய்ன் கணக்குப்படி, ஸ்னூக்கர் தவழ்ந்தது ஜபல்பூரில். எழுந்து நின்றது ஊட்டியில்.

கூடவே ஒரு சின்ன யோசனை. உங்கள் தாத்தாவும் "அந்தக் காலத்துல நான்..." என்று ஏதாவது சாதனைக் கதை சொல்வார்தானே? 63 வருஷம் காத்திருக்க வேண்டாம். போனை எடுத்து இன்றைக்கே ரெக்கார்டு செய்துவிடுங்கள்!