துருவேறிய பூட்டும் ஒரு சொட்டு இரத்தமும்

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரண சிகிச்சை வைத்தியராக வந்து சேர்ந்த பால் பிராண்ட், ஒரு நாள் சாமான் அறையின் துருவேறிய பூட்டைத் திறக்கமாட்டாமல் திணறிக்கொண்டிருக்கையில், தொழுநோய் கண்டிருந்த பத்து வயதுப் பையன் ஒருவன் சாவியை வாங்கி அநாயாசமாகத் திருப்பிவிட்டான். இவ்வளவு சிறுவனுக்கு இத்தனை பலமா என்று அதிசயித்து நின்ற வைத்தியர், தரையில் ஒரு சொட்டு இரத்தம் விழக் கண்டு அவன் கையைப் பிடித்துப் பார்த்தபோது, ஆள்காட்டி விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. பையனோ அதை அறியவே இல்லை.

பலத்தின் ரகசியம் அதுதான். ‘வலிக்கிறது, விட்டுவிடு’ என்று நம் கையைத் தடுக்கும் நரம்பு அவனுக்கு மாண்டுபோயிருந்தது. தொழுநோயாளிகளின் விரல்கள் வியாதியினால் தாமே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நெடுங்காலம் நம்பிவந்ததற்கு மாறாக, அடுப்புச் சூடும், ஆயுதப் பிடியும், உறக்கத்தில் எலி கடிப்பதும் உணர்ச்சியற்ற அங்கத்தை நாள்தோறும் சிறுகச் சிறுகச் சிதைத்ததன் பலனே அது என்பதைப் பிராண்டும் அவருடைய சகாக்களும் கண்டு தெளிந்தார்கள். எலிக்குப் பரிகாரமாக, வீடு திரும்பும் நோயாளியுடன் ஒரு பூனையையும் அனுப்பிவைத்தார்கள்!

இன்று அதே அபாயம் நீரிழிவின் வழியாக நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. முதுகுத் தண்டிலிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் ஓடும் நரம்பிழைகளே சரீரத்தில் மிக நீளமானவையாதலால், சர்க்கரையின் தாக்குதலுக்கு அவையே முதலில் ஆளாக, எரிச்சலும் குத்தலும் மதமதப்பும் பாதத்தில் தொடங்கிக் காலுறை மாட்டியதுபோல மேலேறுகின்றன. எரிச்சல் தணிந்ததும் குணமாயிற்று என்று சந்தோஷப்படுபவர் உண்டு. நரம்பு அடியோடு ஓய்ந்துவிட்டதன் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும். தெருவில் நடக்கையில் செருப்பு கழன்று விழுந்ததை அறியாமல் நடப்பதும், உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவந்து மாலையில் பாதக் கொப்புளத்தைக் கண்டு திகைப்பதும் அந்த நிலையில்தான்.

வெட்டுண்ட நரம்பு, தைத்துச் சேர்த்தபின், நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும் சக்தி உடையது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனியை எட்ட ஆறு மாதம் பிடிக்கும். நீரிழிவில் தேய்ந்த நரம்புக்கோ அத்தனை எளிதான மீட்சி இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் தேய்மானத்தின் வேகம் குறையும், எரிச்சலைத் தணிக்க மருந்துகளும் உண்டு. மதுவும், பி12 உயிர்ச்சத்துக் குறைவும் இதே உபத்திரவத்தைத் தருமாதலால், காரணத்தை வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, பாதத்தின் காவல் கலைந்துவிட்டதா என்பதை அவர் அறிந்துகொள்வார்.

கலைந்திருந்தால், அந்தக் காவலைக் கண்ணிடம் ஒப்படைப்பதே உபாயம். இரவு படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, வெந்நீரைக் காலால் அல்லாமல் முழங்கையால் சோதிப்பது, செருப்பை உதறி உள்ளே கல் இல்லையென்று கண்டபின் அணிவது, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடவாதிருப்பது—இவற்றில் எதுவும் செலவுள்ள வைத்தியம் அன்று. அன்று அந்த இரத்தத் துளியைக் கண்டது வைத்தியரின் கண். அதைப் போன்றதொரு கண்ணை நோயாளி தம் பாதத்தின்மேல் தாமே வைத்துக்கொள்வது சிகிச்சையில் சரிபாதி.