நெடுந்தொலைவு மிதிக்கும் தசையின் வேதியியல்

சைக்கிளோட்டி ஒருவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார் என்பதை இதயமும் நுரையீரலும் மட்டுமே முடிவுசெய்வதில்லை என்பதை, டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் காயில் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஆக்சிஜனை உட்கொள்ளும் உச்ச அளவில் ஏறத்தாழச் சமமாக இருந்த 14 பயிற்சி பெற்ற சைக்கிளோட்டிகள் அந்த உச்சத்தின் 88 விழுக்காட்டு உழைப்பில் மிதித்தபோது, ஒரு பாதியினர் சராசரியாக 29 நிமிடங்களிலும் மறுபாதியினர் 61 நிமிடங்களிலும் களைத்தனர்.

வேறுபாட்டின் வேர் தொடைத் தசைக்குள் இருந்தது. உழைப்பு கூடக்கூட இரத்தத்தில் லாக்டேட் தேங்கத் தொடங்கும் நிலை, அதாவது லாக்டேட் வரம்பு, முதற்பிரிவினருக்கு உச்சத்தின் 66 விழுக்காட்டிலும் மற்றவர்களுக்கு 82 விழுக்காட்டிலும் அமைந்திருந்தது. லாக்டேட்டை நஞ்சாகக் கருதும் வழக்கம் இன்னும் உண்டு, அது சரியன்று. தசையில் சேமித்த மாவுச்சத்தாகிய கிளைக்கோஜன் சிதையும்போது உண்டாகி, மறுபடியும் எரிபொருளாகப் பயன்படும் அப்பொருள், தேங்கும்போது கிளைக்கோஜன் செலவு விரைந்துவிட்டதையே அறிவிக்கிறது. தொடர்ந்த பயிற்சியானது, ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளையும் தசையிழைகளைச் சூழ்ந்த இரத்த நுண்குழாய்களையும் பெருக்குவதால், தசை கொழுப்பைக் கூடுதலாக எரித்துக் கிளைக்கோஜனை மிச்சப்படுத்துகிறது.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கை வெப்பம் மாற்றிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் கேலோவே, மோகன் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு உழைப்பை 11 டிகிரி செல்சியசில் சராசரியாக 94 நிமிடங்கள் தாங்கியவர்கள், 31 டிகிரியில் 52 நிமிடங்களே தாங்கினர். அந்த 31 டிகிரி இங்கே சாதாரண நண்பகல். சூடேறிய தசையில் கிளைக்கோஜன் விரைந்து சிதைகிறது. இரத்தத்தின் ஒரு பங்கு உடலைக் குளிர்விக்கத் தோலை நோக்கித் திரும்புகிறது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை நெருங்கும்போது, தசையில் எரிபொருள் மீதமிருந்தாலும் கால்கள் ஓய்ந்துவிடுகின்றன. விடியுமுன் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் சாங்கியிலும் மிதிப்போர் வெயிலைத் தவிர்க்கிறார்கள், ஆனால் அந்நேரத்தில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டியிருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வெப்பநாட்டில் வாழ்வதாலேயே உடல் முழுமையாகப் பழகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. பகலெல்லாம் குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு, வெளியே ஏறத்தாழ இரண்டு வாரத் தொடர் பயிற்சி தேவைப்படும்.

ஆகவே ஐரோப்பியக் குளிரில் வகுக்கப்பட்ட பயிற்சி அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றுவது பொருந்தாது. அதிகாலையில் புறப்படுபவருக்கு, முந்தின இரவு தேக்கா உணவுக் கடைகளில் உண்ணும் சோறோ இட்லியோதான் தசையின் கிளைக்கோஜனை நிரப்புகிறது. காயில் குழுவின் 1986-ஆம் ஆண்டு ஆய்வில், மிதிக்கும்போதே மாவுச்சத்துப் பானம் அருந்தியவர்கள் மூன்று மணி நேரத்துக்குப் பதிலாக நான்கு மணி நேரம் மிதித்தனர். ஒன்றரை மணி நேரத்தைக் கடக்கும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புழுக்கம் மிகுந்த நாளில் வேகத்தைத் தயங்காமல் குறையுங்கள்.