பழி வௌவால் மேல். வழி திறந்தது யார்?

1998-ஆம் ஆண்டின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணையாட்கள் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். கடும் காய்ச்சல், தலைவலி, பிறகு நினைவு தப்பும். பலர் சில நாட்களிலேயே இறந்துபோனார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல்தான் என்று அரசு முடிவுகட்டியது. பன்றியின் உடலில் பெருகிக் கொசு வழியாக மனிதருக்கு வரும் நோய் அது. ஊரில் பன்றியும் இருந்தது, கொசுவும் இருந்தது. சந்தேகப்பட யாருக்கும் காரணம் தோன்றவில்லை. தடுப்பூசி போட்டார்கள், தெருத்தெருவாகக் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். சாவு மட்டும் நிற்கவில்லை.

கூர்ந்து பார்த்தவர்களுக்குக் கணக்கு உதைத்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ உழைக்கும் வயதில் இருந்த ஆண்கள். பெரும்பாலும் சீனர்கள், அவர்களோடு பண்ணைகளில் வேலைபார்த்த இந்திய வம்சாவளியினர் சிலர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் நோய் வந்தது. கொசு வேலி பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் பன்றியைத் தொட்டு வேலைபார்த்தவர்களுக்கு வந்த நோய், அந்தப் பக்கமே போகாத அண்டைவீட்டாரை விட்டுவிட்டது. போதாக்குறைக்குப் பன்றிகளே இருமின. குரைப்பது போல ஒரு பலத்த இருமல். வெகுதூரம் கேட்டதால் 'ஒரு மைல் இருமல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் பன்றி இப்படி இருமாது.

இருமலைக் கேட்டுப் பயந்த பண்ணைக்காரர்கள் வந்த விலைக்குப் பன்றிகளைத் தள்ளிவிட்டார்கள். லாரி ஏறிய பன்றிகளோடு நோயும் தெற்கே பயணம் போனது. நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பண்ணைகளில் சாவு இன்னும் அதிகமானது. மலேசியப் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர் இறைச்சிக்கூடப் பணியாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்தார். பல நூறு கிலோமீட்டர் தாண்டி நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நஷ்டத்துக்கு அஞ்சிய வியாபாரம்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக வைரஸ் ஆய்வாளர் சுவா காவ் பிங் தன் ஆய்வகத்தில் வளர்ந்த கிருமி வேறு ஏதோ என்று கண்டுகொண்டார். மாதிரியை அமெரிக்காவுக்கு எடுத்துச்சென்று சோதித்தபோது உலகம் அதுவரை அறியாத வைரஸ் என்பது உறுதியானது. நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிபாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்த பிறகே நோய் ஓய்ந்தது.

மாமரத்தடியில் பன்றிக் கொட்டில்

பன்றிக்கு நோய் எங்கிருந்து வந்தது? சந்தேகம் பழந்தின்னி வௌவால் மேல் விழுந்தது. தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பி, விழுந்த சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தார்கள் சுவாவும் அவர் குழுவினரும். அந்தச் சிறுநீரிலும், வௌவால் கடித்துப் போட்ட ஜம்புப் பழம் ஒன்றிலும் நிபா கிடைத்தது. வௌவாலுக்கு அதனால் நோய் வருவதில்லை. நெடுங்காலமாக இரண்டும் சேர்ந்தே வாழ்ந்துவருகின்றன.

அப்படியானால் அதுவரை வராத நோய் 1998-இல் ஏன் வந்தது? நோய் தொடங்கியதாகக் கருதப்படும் ஈப்போ பண்ணையில் விடை இருந்தது. அங்கே 30,000-க்கும் மேற்பட்ட பன்றிகள். கொட்டிலை ஒட்டியே மாமரங்கள். ஒரே நிலத்தில் இரட்டை வருமானம் என்ற கணக்கு அது. இரவில் வௌவால் வந்து மாம்பழம் தின்றது; எச்சில் பழம் கொட்டிலுக்குள் விழுந்தது; பன்றி அதைத் தின்றது.

சின்னப் பண்ணையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இருந்த பன்றிகள் எல்லாம் ஒருமுறை நோய்ப்பட்டு எழுந்ததும், புதிய உடல் கிடைக்காமல் வைரஸ் தானாக அற்றுப்போயிருக்கும். பெரிய பண்ணையில் குட்டி போடுவது நிற்பதே இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தேய்ந்த குட்டிகள் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருந்ததால், வைரஸ் மாதக்கணக்கில் அங்கேயே நிலைத்தது. வௌவாலும் மாமரமும் பன்றியும் மலேசியாவில் என்றைக்கும் இருந்தவைதான். மூன்றையும் அந்த அளவில் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது தொழில்முறை வளர்ப்பு.

பழமரங்களைப் பன்றிக் கொட்டிலிலிருந்து தள்ளி வைப்பது அதற்குப் பிறகு மலேசியா கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று. 1999-க்குப் பிறகு அந்த நாட்டில் நிபா திரும்பி வரவில்லை.

பனிக்காலத்து ஈச்சஞ்சாறு

வங்கதேசத்தில் 2001-இல் நிபா தலைகாட்டியபோது பழைய விளக்கம் உதவவில்லை. இங்கே நோய்ப்பட்டவர்களுக்கும் பன்றிப் பண்ணைக்கும் தொடர்பே இல்லை. ஆனால் பெரும்பாலும் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே, ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் நோய் வந்தது. 2005-இல் டாங்காயில் மாவட்டத்தில் 12 பேருக்கு வந்து 11 பேர் இறந்தபோது, நோய்ப்பட்டவர்களும் படாதவர்களும் என்ன சாப்பிட்டார்கள் என்று வீடுவீடாக விசாரித்தார்கள். நோய்ப்பட்டவர்களில் பலர் பச்சை ஈச்சஞ்சாறு குடித்திருந்தார்கள்.

நம் ஊரில் பனைக்குப் பாளை சீவிக் கலயம் கட்டுவார்கள். வங்கத்தில் ஈச்ச மரத்துக்கு உச்சிக்குக் கீழே தண்டிலேயே பட்டையைச் சீவி, சாறு வழிந்தோட மூங்கில் குழாய் செருகி, அதன் கீழே மண்பானை கட்டுகிறார்கள். சாயங்காலம் கட்டிய பானையை விடியுமுன் இறக்கிவிடுவார்கள். பனிக்கால அதிகாலையில் குளிர்ந்த அந்தச் சாற்றுக்கு ஊரே காத்திருக்கும். உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் உண்டு. மிஞ்சியதைக் காய்ச்சி வெல்லமாக்குவார்கள்.

இரவில் அந்த மரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க, இருட்டிலும் படமெடுக்கும் அகச்சிவப்புக் கேமராக்களை ஆய்வாளர்கள் மரத்தில் பொருத்தினார்கள். பழந்தின்னி வௌவால் வந்து மரத்தில் தொற்றிக்கொண்டு, சீவிய இடத்தில் வழியும் சாற்றை நக்குவது அதில் பதிவானது. எச்சிலும் சிறுநீரும் பானைக்குள் போக வேறு வழி வேண்டியதில்லை. சாறு வடிப்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. பானையில் வௌவால் எச்சம் கிடப்பதும், சில நாள் வௌவாலே செத்து மிதப்பதும் அவர்கள் பார்த்ததுதான். சாற்றின் தரம் கெடுவது மட்டுமே அவர்கள் கவலையாக இருந்தது.

தடுக்கும் வழியும் அவர்களிடமே இருந்தது. மூங்கில் கீற்றால் பின்னிய தட்டி ஒன்றைச் சீவிய இடத்தையும் பானை வாயையும் மூடும்படி கட்டிவிடுவது சிலரின் பழைய வழக்கம். 'பானா' என்பார்கள். தட்டி கட்டிய மரத்தில் வௌவாலால் சாற்றைத் தொட முடியவில்லை என்பதை அதே கேமராக்கள் காட்டின. காய்ச்சினால் வைரஸ் சாகும். வெல்லம் தின்றவருக்கு ஆபத்தில்லை. மருந்தும் தடுப்பூசியும் இல்லாத ஒரு நோய்க்கு, கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த தடுப்பு மூங்கில் தட்டியும் அடுப்பும்.

ஆனால் வழக்கத்தை மாற்றுவது லேசில்லை. பாட்டன் காலத்திலிருந்து குடித்த சாறு. குடித்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட ஒன்றும் ஆவதில்லை. குடிக்காதே என்று சுகாதாரத் துறை சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மறுநாள் விடியலில் குவளையை நீட்டுகிறார்கள். அவர்களை அறிவிலிகள் என்று திட்டுவது சுலபம். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டும் நமக்கு அந்த உரிமை இருக்கிறதா?

பக்கத்தில் இருந்தவர்கள்

மரத்திலிருந்து இறங்கிய வைரஸ் மனிதர்களுக்குள் பரவியது அன்பின் வழியாக. 2001 முதல் 2007 வரை வங்கதேசத்தில் கண்டறியப்பட்ட 122 நோயாளிகளில் 62 பேர், அதாவது பாதிப்பேர், இன்னொரு நோயாளியோடு நெருங்கிப் பழகியதால் நோயுற்றவர்கள். நோயாளியின் தலையை மடியில் வைத்துக்கொள்வது, வாயைத் துடைத்துவிடுவது, அவர் மிச்சம் வைத்த சோற்றைச் சாப்பிடுவது எல்லாம் அங்கே குடும்பத்தாரின் கடமை. அதே சமயம், அந்த 122 பேரில் நோயை அடுத்தவருக்குக் கொடுத்தவர்கள் 9 பேர்தான். எல்லா நோயாளியும் பரப்புவதில்லை. இருமலும் மூச்சுத்திணறலும் உள்ள சிலர் பலருக்குப் பரப்புகிறார்கள்.

2018 மே மாதம் கோழிக்கோடு அதை நேரில் பார்த்தது. முதல் நோயாளியான பேராம்பிரா இளைஞர் சிகிச்சைக்குப் போன மருத்துவமனைகளிலேயே நோய் பரவியது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நடையில், அவரோடு எந்த உறவும் இல்லாதவர்கள் நோயை வாங்கிக்கொண்டார்கள். வேறு நோய்க்கு வந்தவர்கள், அவர்களோடு துணைக்கு வந்தவர்கள். நம் அரசு மருத்துவமனைகளின் நெரிசல் தெரிந்தவர்களுக்கு அந்த நடையை விவரிக்க வேண்டியதில்லை. முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி புதுச்சேரி, மே 21 அன்று இறந்தார்.

அந்த முறை உறுதியான 18 பேரில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இருந்தும் கேரளம் சில வாரங்களில் நோயை அடக்கியது. தொடர்பில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கண்காணித்தார்கள். இறந்தவர்களின் உடல்களை உறவினர் தொட்டுக் குளிப்பாட்டாமல் அடக்கம் செய்தார்கள். 2019, 2021, 2023, 2024 என்று நோய் திரும்பத் திரும்ப வந்தும் ஒவ்வொரு முறையும் சிலரோடு நின்றது. வைரஸ் மாறிவிடவில்லை. அதைச் சந்தித்த மருத்துவமனைகளின் பழக்கம் மாறியிருந்தது.

பசித்த வௌவால்

வௌவால் ஏன் ஊருக்குள் வருகிறது? இதற்கு நல்ல விடை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே நிபாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸ், 1994-இல் பிரிஸ்பேன் அருகே குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளர் ஒருவரையும் கொன்றது. வௌவாலிடமிருந்து குதிரைக்கு, குதிரையிடமிருந்து மனிதருக்கு.

25 ஆண்டுத் தரவுகளை அலசி 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, பின்னணியைத் தெளிவாக்கியது. குளிர்காலத்தில் பூக்கும் யூகலிப்டஸ் காடுகள் பெருமளவு வெட்டப்பட்டன. எல் நினோ ஆண்டுகளைத் தொடர்ந்து தேன் வறண்டது. பசித்த வௌவால்கள் பெருங்கூட்டமாகக் காட்டுக்குப் போவதை விட்டு, சிறு கூட்டங்களாகப் பிரிந்து தோட்டங்களிலும் குதிரை லாயங்களின் பக்கத்து மரங்களிலும் குடியேறின. பசியும் குளிரும் வாட்டும்போது அவற்றின் உடலிலிருந்து வைரஸும் அதிகம் வெளியேறியது. மிஞ்சியிருந்த காடு குளிர்காலத்தில் நன்றாகப் பூத்த ஆண்டுகளிலோ வௌவால்கள் அங்கே திரும்பின. அந்த ஆண்டுகளில் குதிரைக்கு நோய் வரவில்லை.

கொன்றால் தீருமா?

கேரளத்தில் நிபா என்றதும் வௌவால் மரத்தை வெட்டு, வெடி வைத்து விரட்டு என்ற குரல் கிளம்பியது. உகாண்டாவின் கிட்டாக்கா சுரங்கத்தில் அதைச் செய்தே பார்த்தார்கள். 2007-இல் தொழிலாளர்களுக்கு, வௌவாலிடமிருந்து வரும் இன்னொரு வைரஸ் நோயான மார்பர்க் வந்ததும், சுரங்கத்து வௌவால்களைக் கூண்டோடு அழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் குடியேறின. முன்பு நூற்றுக்கு 5 வௌவால்களில் இருந்த வைரஸ், இப்போது 13 வௌவால்களில் இருந்தது. 2012-இல் அந்த வட்டாரத்தில் நோய் மீண்டும் வந்தது. எதிர்ப்புச் சக்தி பெற்ற பழைய கூட்டம் போனால், அந்த இடத்தை நோய்க்கு இலக்காகும் இளம் வௌவால்கள் நிரப்பும். விரட்டினால் அலையும், அலைந்தால் நலியும், நலிந்தால் அதிகம் சிந்தும்.

இந்தியச் சட்டமே நெடுங்காலம் பழந்தின்னி வௌவாலை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் நீங்கியது. ஆனால் இலுப்பையின் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவது இந்தப் பழந்தின்னிதான். தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் ஊர் மரத்து வௌவால்கள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நோயியல் படிக்காமலே அந்த ஊர்க்காரர்கள் செய்துவருவது, இன்றைய அறிவியல் சொல்வதற்கு மிக அருகில் இருக்கிறது.

தேசிய வைராலஜி நிறுவனம் நாடு முழுவதும் செய்த ஆய்வில், தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட பல மாநிலங்களின் வௌவால்களில் நிபா எதிர்ப்புப் பொருள் காணப்பட்டிருக்கிறது. பயப்பட வேண்டிய செய்தி இல்லை இது. பழக்கத்தைச் சரிபார்க்க வேண்டிய செய்தி. வௌவாலோ அணிலோ கடித்த பழத்தில் நல்ல பாதியை நறுக்கித் தின்னாதீர்கள், ஆடுமாட்டுக்கும் போடாதீர்கள். கீழே விழுந்த பழத்தை எடுத்தால் கை கழுவுங்கள். மரத்திலிருந்து இறக்கும் சாறு எதுவானாலும் மூடிய கலயத்திலிருந்து வாங்குங்கள். காய்ச்சலோடு நினைவுத் தடுமாற்றம் உள்ளவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும்போது நீங்களும் அவரும் முகக்கவசம் போடுங்கள். துணைக்கு ஒருவர் போதும். ஊர் மரத்தில் வௌவால் தொங்கினால் தொங்கட்டும். கல்லெறியாதீர்கள், மரத்தை வெட்ட விடாதீர்கள்.