இருவகைப் பள்ளிகள்: மாணவர் நோக்கில் ஓர் ஒப்பீடு

முன்னுரை

பள்ளிகளைப் பற்றிப் பெற்றோர் பேசுவர், ஆசிரியர் பேசுவர், ஆட்சிக் குழுவினரும் பேசுவர். ஆயின் வகுப்பறையில் பன்னிரண்டு ஆண்டுகள் அமர்ந்திருக்கும் மாணவரின் நோக்கு அரிதாகவே பதிவுபெறுகின்றது. தமிழ்நாட்டில் சமயச் சிறுபான்மையினர் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் அரசுப் பள்ளிகளையும் அந்நோக்கில் ஒப்பிட முயல்வதே இக்கட்டுரை.

சட்டத்தின் வரையறை

சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு வழங்குகின்றது. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்பது 28ஆம் பிரிவு. உதவிபெறும் பள்ளியிலும் பாதுகாவலரின் இசைவின்றிச் சிறுவர் எவரையும் சமய போதனையில் பங்கேற்கச் செய்தல் ஆகாது. அரசு உதவிபெறும் நிறுவனத்தில் சமயம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்பது 29ஆம் பிரிவு.

ஒற்றுமையும் வேற்றுமையும்

இருவகைப் பள்ளிகளிலும் பாடநூல் ஒன்றே, பொதுத்தேர்வும் ஒன்றே. எனவே வேற்றுமை பாடத்தில் இல்லை. பள்ளியின் சூழலிலேயே உள்ளது.

தம் சமயத்தார் நடத்தும் பள்ளியில் மாணவர் தம்மைப் பற்றி விளக்கம் கூற வேண்டியதில்லை. ரமலான் நோன்பு, வெள்ளிக்கிழமைத் தொழுகை, தலையை மறைக்கும் உடை ஆகியன அங்கு வியப்புக்குரியன அல்ல. பருவமெய்திய பெண்ணை வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோரும் பெண்கள் பள்ளி தம் சமுதாயத்தாருடையது எனில் இசைகின்றனர். இத்தகைய மாணவிக்கு வினா ‘எந்தப் பள்ளி?’ என்பதன்று, ‘படிப்பா, வீடா?’ என்பதே.

அரசுப் பள்ளியின் சிறப்பு வேறு. பல சாதியினரும் சமயத்தினரும் ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். தம் நோன்பைப் பிறர்க்கு விளக்கவும், பிறர் பண்டிகையை அறியவும் அங்கு மாணவர் பழகுகின்றனர். இப்பயிற்சி பிற்காலத்தில் அலுவலகத்திலும் அங்காடியிலும் துணை நிற்கும்.

ஒரு சான்று

டாக்டர் அப்துல் கலாம் இராமேசுவரத்தில் தொடக்கக்கல்வி பயின்றபோது, புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், கோயில் குருக்களின் மகனாகிய நண்பரின் அருகிலிருந்து அவரைப் பிரித்துப் பின்வரிசையில் அமர்த்தினார். அதனைக் கண்டித்து ஆசிரியரைத் திருத்தியவர் அந்நண்பரின் தந்தையாகிய இலட்சுமண சாஸ்திரிகளே. பின்னர் இராமநாதபுரத்தில் கிறித்தவத் திருச்சபையின் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஐயாதுரை சாலமன் என்னும் ஆசிரியர் அவருக்குத் தன்னம்பிக்கை ஊட்டினார். தம் ஊர்ப் பள்ளியில் விலக்கப்பட்ட மாணவர், பிற சமயத்தார் பள்ளியில் அரவணைக்கப்பட்டார். மாணவரின் நிலையை உறுதிசெய்வது பெயர்ப்பலகை அன்று, ஆசிரியரின் நடத்தையே என்பது இதனால் பெறப்படும்.

இன்றைய சிக்கல்

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. ஏழை மாணவர் பலர் ஏற்றம் பெற இது வழிவகுத்தது. ஆயின் அதே தெருவில் வாழ்ந்து, அதே வறுமையுடன் உதவிபெறும் பள்ளியில் பயில்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. 2022இல் அரசுப் பள்ளி மாணவியர்க்கெனத் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோர்க்கும் விரிவாக்கப்பட்டது. மருத்துவ ஒதுக்கீட்டிலும் அத்தகைய விரிவு வேண்டும் என மாணவர் எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு.

முடிவுரை

தம் பிள்ளை அரசுப் பள்ளியில் எவ்வாறு நடத்தப்பட வேண்டுமென நாம் விரும்புகின்றோமோ, அவ்வாறே நம் பள்ளியில் பயிலும் பிற சமயப் பிள்ளையும் நடத்தப்பெறுதல் வேண்டும். சமய வகுப்பிற்குப் பாதுகாவலரின் இசைவை எழுத்தில் பெறுதல், அதில் சேராதோர்க்கு அந்நேரத்தில் பயனுள்ள நன்னெறி வகுப்பு நடத்துதல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவரின் கருத்தை அச்சமின்றிக் கூறச் செய்து கேட்டல் ஆகியவற்றை ஆட்சிக் குழுவினரும் சமுதாயப் பெரியோரும் மேற்கொள்ளலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. மனம் இருந்தால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.