மரப் பட்டறையில் நம் கை பத்திரம்

தையல், ஊறுகாய், மசாலாப் பொடி என்று இருந்த நம் குழுத் தொழில்களில் இப்போது மர வேலையும் சேர்ந்து வருகிறது. சப்பாத்திப் பலகை, மத்து, குட்டி ஸ்டூல், விளையாட்டுச் சாமான் என்று நம் பெண்கள் விதவிதமாகச் செய்கிறார்கள். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் ஒன்று. தையல் மெஷினில் ஊசி விரலில் ஏறினால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். மரம் அறுக்கும் மெஷினில் விரல் போனால் போனதுதான். அதனால் இந்த முறை லாபக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மெஷின் முன்னால் எப்படி நிற்பது என்று பேசுவோம்.

"ஜாக்கிரதையா இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் சகோதரிகள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கட்டிங் மெஷினில் 10 இன்ச் பிளேடு, நிமிஷத்துக்கு 2,800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லின் நுனி மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் போகிறது. கை வழுக்கியது நமக்கு உறைத்து, கையை இழுக்கக் கால் நொடி ஆகிறது என்றால், அதற்குள் பிளேடு 11 சுற்று சுற்றிவிடும். 40 பல் உள்ள பிளேடாக இருந்தால் 400 பல்லுக்கு மேல் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இந்த வேகத்தோடு போட்டி போட முடியாது. நம் ஜாக்கிரதை தவறும் அந்தக் கால் நொடியில் நம்மைக் காப்பாற்ற, மெஷினிலேயே சில பொருட்கள் இருக்க வேண்டும். அதை வாங்கி மாட்டுவது மெஷின் ஓட்டும் பெண்ணின் தனிப்பட்ட பொறுப்பு அல்ல, குழுவின் பொறுப்பு.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்றால், 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு ஒரு விஷயம் சொன்னது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியவர் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளியாக இருக்க வேண்டும், உடம்போடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும், அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றது. மெஷினை இயக்கும் பாகங்களைப் பெண்கள் ஓட்டத்தில் துடைக்கவோ எண்ணெய் போடவோ கூடாது என்றும் சொன்னது. பெண்ணுக்கு மட்டும் என்ன தடை என்று கோபம் வருகிறதா? எங்களுக்கும் வந்தது. ஓடும் மெஷினைத் துடைக்கப் போனால் ஆண் விரலும் பெண் விரலும் ஒரே மாதிரிதான் வெட்டுப்படும். ஆனால் அந்த "உடையை நிர்வாகம் கொடுக்க வேண்டும்" என்பதை மட்டும் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் பட்டறைக்கு நிர்வாகம் யார்? நாமேதான். ஓவர்கோட்டு, கண்ணாடி, மாஸ்க் எல்லாம் குழுக் கணக்கில் வாங்க வேண்டிய சாமான்கள். "அவங்கவங்க வீட்டுலேர்ந்து கொண்டாரட்டும்" என்று விட்டால் யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

புடவையும் வளையலும்

சுற்றுகிற எதுவும் துணியை, முடியை, நூலை இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். நெல் அடிக்கும் மெஷின் பெல்ட்டில் முந்தானை சிக்கிய கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மர மெஷினும் அதே ஜாதிதான். சுடிதார் போடுகிறவர்கள் துப்பட்டாவை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். புடவைதான் பழக்கம் என்றால் முந்தானையை இடுப்பில் செருகினால் போதாது, குனியும்போது அவிழ்ந்து விழும். இடுப்பைச் சுற்றி இழுத்து பின் குத்தி, அதன் மேல் முன்பக்கம் பட்டன் வைத்த முழு ஓவர்கோட்டைப் போட வேண்டும். கையில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் நல்லது. நம்மிடம்தான் தையல் குழுக்கள் இருக்கின்றனவே, வெளியில் வாங்க வேண்டியதில்லை. சடையைக் கொண்டை போட்டு, மேலே துணிக் குல்லாய். அன்றைக்குப் பூ வேண்டாம்.

வளையல் என்று வரும்போதுதான் சண்டை வருகிறது. "கையை வெறுமையா வெச்சா மாமியார் திட்டுவாங்க" என்பார்கள். பட்டறைக்கு உள்ளே மட்டும்தானே? வாசலில் ஒரு பலகை அடித்து ஆளுக்கு ஒரு கொக்கி, கொக்கிக்கு மேல் அவரவர் பெயர். உள்ளே வரும்போது வளையலும் மோதிரமும் கொக்கிக்குப் போகும், வெளியே போகும்போது கைக்கு வரும். தாலியைக் கழற்றச் சொல்லி நாங்கள் யாரையும் கேட்கவில்லை. ஜாக்கெட்டுக்குள் விட்டு, ஓவர்கோட்டைக் கழுத்து வரை பட்டன் போட்டுவிட்டால் சரி. காலுக்கு மூடிய ஷூ வேண்டும். மெட்டி அதற்குள் அடங்கிவிடும்.

கை உறை பற்றிப் பலருக்குத் தப்பான எண்ணம். கட்டை சுமக்க, அடுக்கக் கை உறை நல்லது. ஆனால் கட்டிங் மெஷின், கடைசல் மெஷின், துளை போடும் மெஷின் முன்னால் கை உறையே கூடாது. வெறும் விரல் பட்டால் விரலுக்குக் காயம். கை உறை பட்டால் அது கையையே உள்ளே இழுத்துவிடும்.

கட்டிங் மெஷின்

விபத்துக்கு அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பிளேடுக்கு மேலே ஒரு மூடி, அதாவது கார்டு இருக்க வேண்டும். பிளேடுக்குப் பின்னாலேயே, அதை ஒட்டி ஒரு தகடு நிற்க வேண்டும். கடையில் ரைவிங் நைஃப் என்று கேளுங்கள். நிறைய பட்டறையில் இந்தத் தகட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள், அது எதற்கு என்றே தெரியாமல். மரத்தை அறுத்துக்கொண்டு போகும்போது, அறுபட்ட இரண்டு பாதியும் சில சமயம் மறுபடி நெருங்கி வந்து பிளேடைக் கவ்வும். கவ்வியதும் பிளேடின் பின்பக்கப் பல் கட்டையைத் தூக்கி, தள்ளுகிறவர் மேலேயே எறியும். கட்டை உதைப்பது என்பது இதுதான். வயிற்றிலோ நெஞ்சிலோ பட்டால் சாதாரண அடியாக இருக்காது. அதைவிட மோசம், கட்டை திடீரென்று நகர்வதால் அதைப் பிடித்திருந்த கை பிளேடு மேல் போய் விழும். அந்தத் தகடு நடுவில் நின்றால் இரண்டு பாதியும் நெருங்க முடியாது. அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு துண்டு இரும்புதான், ஆனால் மெஷினிலேயே பெறுமதியானது அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

நிற்கும்போது பிளேடுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பிளேடை மரத்துக்கு மேல் பல் தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். கடைசி ஒரு அடி நீளத்தைக் கையால் தள்ளவே கூடாது. அதற்கு ஒரு முழ நீளத்தில் தள்ளுகுச்சி வேண்டும். நுனியில் பறவை வாயைத் திறந்த மாதிரி ஒரு வெட்டு இருந்தால் கட்டையைக் கவ்விக்கொள்ளும். கழிவு மரத்திலேயே செய்துகொள்ளலாம், ஒரு பைசா செலவில்லை. நாலைந்து செய்து மெஷின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். தேடிப் போக வேண்டியிருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

நீளப் பலகை அறுக்கும்போது பின்னால் ஒருவர் நின்று வாங்கிக்கொள்வார். அவருக்குத்தான் அனுபவம் குறைவாக இருக்கும், "சும்மா புடிச்சுக்கோ" என்று நிறுத்தியிருப்பார்கள். மேஜையின் பின்பக்கம் பலகை வைத்து நீட்டி, அவர் பிளேடிலிருந்து நாலு அடி தள்ளி நிற்கும்படி செய்யுங்கள். அவர் கட்டையை இழுக்கக் கூடாது, வாங்கிக்கொள்ள மட்டும்தான் வேண்டும்.

பேக்கிங் கட்டை வாங்கி வேலை செய்யும் குழுக்கள் ஆணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் தலை ஒடிந்த ஆணி உள்ளே இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பலகை மேல் தடவிப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

இழைப்பு மெஷினில் ஒரு அடிக்குக் குறைந்த துண்டைப் போடாதீர்கள். துண்டு சாய்ந்தால் விரல் நேரே கத்திக்குப் போகும். அங்கே வெட்டுப்பட்டால் ஒட்ட வைக்க விரலே மிஞ்சாது, சீவலோடு சீவலாகப் போய்விடும். கடைசல் மெஷினில், சுவிட்ச் போடும் முன் கட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், எங்காவது இடிக்கிறதா என்று. உப்புத்தாள் போடும்போது உளி வைக்கும் தாங்கியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் விரல் நடுவில் மாட்டும். அம்பாசமுத்திரம் சொப்பு மாதிரி அரக்குப் பூசுகிறவர்களுக்கு, சுற்றும் கட்டைக்கு மிகக் கிட்டே கை போகிற வேலை அது. பழகியவர் பக்கத்தில் இல்லாமல் புதியவரை உட்கார வைக்காதீர்கள்.

கரண்டு போய் வந்தால்?

கரண்டு போகிறது. மெஷின் நிற்கிறது. சுவிட்சை அணைக்க மறந்து, பிளேடில் மாட்டிய சிராயை எடுக்கக் கையை விடுகிறோம். கரண்டு வருகிறது. மேலே எழுத வேண்டாம்.

இதற்கு வழி உண்டு. வெறும் சுவிட்சில் மெஷினை ஓட்டாமல் பச்சை, சிவப்பு பட்டன் உள்ள ஸ்டார்ட்டர் வையுங்கள். பம்ப்செட்டுக்கு இருப்பது போலத்தான். கரண்டு போனால் அது விழுந்துவிடும், திரும்பப் பச்சையை அமுக்கினால்தான் ஓடும். ஆனால் வயலில் கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓட ஒரு "ஆட்டோ" மாட்டுவார்கள் பாருங்கள், அந்த ஆட்டோவை மர மெஷினில் மாட்டவே கூடாது. ஊர் எலக்ட்ரீஷியன் நல்ல எண்ணத்தில் மாட்டிக்கொடுத்துவிடுவார், கவனம்.

பிளேடு மாற்றும்போதும் துடைக்கும்போதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக் இருந்தால் உருவுங்கள். மெயினில் ஃப்யூஸ் கேரியர் இருந்தால் கழற்றி, வேலை செய்கிறவரே தன் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். பிறகு யார் வந்து சுவிட்சைப் போட்டாலும் ஓடாது. அணைத்த பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் சுற்றும். சத்தம் அடங்கியதை நம்பாமல், கண்ணால் பார்த்து, நின்ற பிறகே கையை விட வேண்டும். எர்த்தும், கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரும் கட்டாயம்.

தூள்

மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்கைச் சுற்றிய புற்றுநோய். முந்தானையை வாயில் சுற்றிக்கொள்வதால் நுண்ணிய தூள் நிற்காது, என்-95 மாதிரி மாஸ்க் வேண்டும். கம்ப்ரஸர் காற்றால் ஊதித் துப்புரவு செய்வது பார்க்கச் சுத்தமாக இருக்கும். தூள் முழுவதும் நம் நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள், கரண்டு பாகங்கள் பக்கம் தெளிக்காமல். கைக்குழந்தையைத் தூளி கட்டி பட்டறைக்குள் தூங்க வைப்பதும் வேண்டாம்.

ஆயுத பூஜை அன்று முதலில் பெருக்கிவிட்டு, பிறகு சூடம் காட்டுங்கள். மரத்தூள் குபீரென்று பிடிக்கும். கார்டில் கட்டிய மாலையை மறுநாள் மெஷின் போடும் முன் எடுத்துவிட வேண்டும்.

குழு தீர்மானிக்க வேண்டியவை

மெஷின் வாங்கக் கடனுக்குக் கொட்டேஷன் வாங்கும்போதே கார்டு, தகடு, ஸ்டார்ட்டர் மூன்றும் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கொட்டேஷனில் இருந்தால் கடனில் அடங்கும். விட்டுவிட்டால் பிறகு நம் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும், எடுக்க மனசு வராது.

அறுக்கும் மெஷினில் நிற்பவருக்குத் துண்டுக் கணக்கில் கூலி கொடுக்காதீர்கள், நாள் கூலி கொடுங்கள். துண்டுக் கணக்கு என்றால் கார்டு வேகத்தைக் குறைக்கிறது என்று முதலில் அதைத்தான் கழற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விரதம் இருப்பவர், தலைச்சுற்றல் உள்ளவர், ராத்திரி தூங்காதவர் அன்றைக்குப் பெயின்ட் வேலைக்குப் போகட்டும். "இன்னிக்கு எனக்கு முடியல" என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் மாற்றிவிடுவது என்று தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போடுங்கள். ஆர்டர் நெருங்கும் வாரத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டி வரும்.

ஒருவேளை விரல் துண்டாகிவிட்டால் காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள், காபித் தூள் எதுவும் போடாதீர்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, தண்ணீரிலும் ஊறக் கூடாது. 108-க்குச் சொல்லும்போதே விரல் துண்டாகிவிட்டது என்று சொல்லுங்கள், ஒட்ட வைக்கும் வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் பகுதிக்கு எது கிட்டே என்று இப்போதே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

2015-ல் வந்த பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் நிறைய உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 18 முதல் 70 வயது வரை சேரலாம். 12 ரூபாயாக இருந்த பிரீமியம் 2022-லிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கை முழுதும் பயனில்லாமல் போனால் 1 லட்சம். ஆனால் விரல் மட்டும் போனதற்கு அதில் தொகை கிடையாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் குழுவே தனியாக ஒரு அவசர நிதி ஒதுக்கினால்தான் உண்டு. ஜூன் 1-ல் புது வருஷம் தொடங்குவதால், மே கடைசியில் உங்கள் பேங்க் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.