சல்பேட் எங்கே போனது?

வங்கதேசத்தில் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலராவையும் வயிற்றுப்போக்கையும் தடுக்கத்தான் அடிபம்புகள் வந்தன. குளத்து நீரை விடுங்கள் என்று சொல்லி, 1970களில் யுனிசெஃப் உதவியோடு ஊர் ஊராகக் குழாய் இறக்கினார்கள். நீர் தெளிவாக இருந்தது, கிருமியும் இல்லை. அதில் ஆர்செனிக் இருக்குமா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. நிறமோ மணமோ சுவையோ காட்டாத நஞ்சு அது. கொதிக்க வைத்தாலும் போகாது. பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குத் தோலில் கரும்புள்ளிகள் வரும், உள்ளங்கையும் பாதமும் காய்த்துப்போகும், பிறகு புற்றுநோயும் வரலாம். எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்க நோயாளிகளிடம் கொல்கத்தா தோல் மருத்துவர் கே.சி. சாஹா 1983இலேயே இதைக் கண்டுகொண்டார். வங்கதேசக் கிணறுகளில் அது உறுதியானது 1993இல்தான்.

ஆலையும் சுரங்கமும் இல்லாத நெல் வயல்களுக்கு அடியில் இந்த விஷம் எப்படி வந்தது? அன்று பலரும் நம்பிய பதில், விவசாயியின் மோட்டார். கோடை நெல்லுக்கு நீரை இறைக்க இறைக்க நீர்மட்டம் இறங்குகிறது. காலியான மண்ணில் காற்று புகுந்து, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமத்தைச் சிதைக்கிறது. அதில் ஒளிந்திருந்த ஆர்செனிக் வெளியே வருகிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் எம்.எஸ்சி. மாணவராக இருந்த ராஸ் நிக்சன், தன் 1997ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்காக மத்திய வங்கதேச நிலத்தடி நீரை ஆராய்ந்தார். பேராசிரியர் ஜான் மக்ஆர்தர் உள்ளிட்டோருடன் அவர் எழுதிய சிறு கட்டுரை 1998இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பைரைட் சிதைந்தால் நீரில் சல்பேட் சேர்ந்தாக வேண்டும். ஆனால் ஆர்செனிக் மிகுந்த நீரில் சல்பேட் குறைவாக இருந்தது, பைகார்பனேட்தான் அதிகம். நீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் யாரும் நின்று படிக்காத வரிகள் இவை. வழக்கைத் திருப்பியது அவைதான்.

நடந்தது நேர்மாறானது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த மணல் துகள்களின் மேல் துருப் படலம் உண்டு. ஆர்செனிக் அந்தத் துருவில்தான் ஒட்டியிருக்கிறது. மண்ணுக்குள் புதைந்த தாவர மக்கைத் தின்னும் நுண்ணுயிரிகள், ஆக்சிஜன் தீர்ந்ததும் துருவைப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. துரு கரைகிறது, ஆர்செனிக் நீருக்குள் விடுபடுகிறது. மக்கு சிதைவதால் பைகார்பனேட் ஏறுகிறது. காற்று புகுந்ததால் வந்த விஷம் அல்ல, காற்று இல்லாததால் வந்த விஷம்! மேலேயே திறந்து கிடக்கும் பழைய தோண்டு கிணறுகளில் ஆர்செனிக் பெரும்பாலும் குறைவாக இருப்பதும் இதனால்தான். கிருமிக்குப் பயந்து குளங்களோடு மக்கள் அவற்றையும் கைவிட்டார்கள் என்பது கொடுமை.

நுண்ணுயிரிகளுக்கு அந்தத் தீனி எங்கிருந்து வருகிறது, புதைந்த மக்கிலிருந்தா, குளங்களிலிருந்து கசிவதா என்ற சண்டை பிறகும் நீடித்தது. துரு கரைவதுதான் காரணம் என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

இதே வேதியியலைத் திருப்பிப் போட்டால் மருந்தும் கிடைக்கிறது. புதிய துரு ஆர்செனிக்கை மறுபடி பிடித்துக்கொள்ளும். வங்கதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம், இரும்புத் துகள்களை வைத்து உருவாக்கிய சோனோ வடிகட்டிக்கு 2007இல் அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. 150 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் நல்ல நீர் கிடைக்கிறது என்பதும் தெரிந்த விஷயம்தான்.

கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. வங்கதேசம் 50 வரை அனுமதிக்கிறது. அந்த 50ஐயும் தாண்டிய நீரைக் கிட்டத்தட்ட 2 கோடிப் பேர் இன்னும் குடிக்கிறார்கள் என்று 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு கணக்கிட்டது. நல்ல நீர் தரும் ஆழ்குழாய்க் கிணறுகளை அரசு எங்கே போடுகிறது என்பதை அரசியல்வாதிகளின் செல்வாக்கு தீர்மானிக்கிறது என்றும் அந்த அறிக்கை குற்றம் சாட்டியது.